புறக்கணிப்பும் வன்முறையும்: கூனியிலிருந்து வாள்வெட்டு வரை

கிட்கிந்தையில் சுக்கிரீவனுக்கு முடிசூட்டிய பின்னர், அரசு நடத்தும் முறையை இராமன் அவனுக்கு எடுத்துச் சொல்கிறான். வழக்கமான அரசியல் அறிவுரைகளுக்கு நடுவே, கம்பன் இராமனை ஒருமுறை தன்னைப் பற்றியே பேச வைத்துவிடுகிறான். ‘சிறியர் என்று இகழ்ந்து நோவு செய்வன செய்யல்’ என்று தொடங்குகிறது அந்தப் பாட்டு. அந்த நெறியை மதியாமல் தான் ஒரு தீமை செய்ததாகவும், அதனாலேயே கூனியின் கையால் வெந்துயர்க் கடலில் விழுந்ததாகவும் இராமன் ஒப்புக்கொள்கிறான். செய்த தீமை பெரிதல்ல: சிறுவயதில் வில்லில் மண்ணுருண்டை வைத்து, அரண்மனைப் பணிப்பெண் ஒருத்தியின் கூன்முதுகில் எய்து விளையாடினான். எய்தவனுக்கு அது விளையாட்டு. உண்டை பட்டவளோ, ‘பண்டை நாள் இராகவன் பாணி வில் உமிழ் உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்’ என்று அயோத்தியா காண்டம் சொல்வதுபோல, அதை ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் வைத்திருந்தாள்.

கம்பன் கழக மேடைகளின் வழியாக இந்தக் கதை யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் பழக்கம். இராமன் காடு போனதற்குக் காரணம் கைகேயியா கூனியா என்று பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆனால் அந்த மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. கூனி ஆயுதம் எதையும் எடுக்கவில்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே கருவி கைகேயியின் காது. நாட்டின் முடியே மாறப்போகும் நாளில் அந்தக் காது கிடைக்காமல் போயிருந்தால், அவளுடைய மனக்காயம் அவளோடே மடிந்திருக்கும். புறக்கணிப்பு வன்முறையாவதைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். காயம் பட்டவர் எண்ணிறந்தோர். அந்தக் காயம் பிறர்மேல் பாய்வது சிலரிடத்தில் மட்டுமே. அந்தச் சிலருக்கும் மற்றவர்களுக்கும் இடையே நடந்தது என்ன என்பதே கேள்வி.

உளவியலாளர்கள் இதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்து பார்த்திருக்கிறார்கள். கிப்லிங் வில்லியம்ஸ் என்பவர் ஒருநாள் பூங்காவில் அமர்ந்திருந்தபோது, முன்பின் தெரியாத இருவர் எறிந்து விளையாடிய தட்டு அவர் அருகே வந்து விழுந்தது. அவர் அதைத் திருப்பி எறிந்தார். அவர்களும் அவரைச் சேர்த்துக்கொண்டு சிறிது நேரம் விளையாடினார்கள். பிறகு எதுவும் சொல்லாமலே அவருக்கு எறிவதை நிறுத்திவிட்டார்கள். இனிமேல் காணவே போகாத இரண்டு பேர் செய்த அந்தச் சிறு விலக்கல் தன்னை ஏன் இவ்வளவு வருத்துகிறது என்று யோசித்தவர், பின்னாளில் அதைக் கணினியில் மூவர் பந்தெறியும் எளிய விளையாட்டாக ஆக்கினார். சில எறிதல்களுக்குப் பிறகு உங்களுக்குப் பந்து வருவதில்லை, அவ்வளவுதான். மற்ற இருவரும் மனிதரல்ல, கணினி நிரல்தான் என்று முன்னரே சொல்லியிருந்தாலும் ஆட்கள் மனம் வாடினார்கள். தாங்கள் அருவருக்கும் ஓர் இனவெறிக் குழு ஒதுக்கியதாகச் சொன்னபோதும் அதே வாட்டம் இருந்தது. ‘அவங்கள் கூப்பிடாட்டில் எனக்கென்ன’ என்று வாயால் சொல்வது எளிது. உடம்பு அதை நம்புவதில்லை.

இதே துறையில் 2006இல் வெளிவந்த வேறொரு ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒதுக்கப்பட்டவர்களை இரண்டு பகுதியாகப் பிரித்தார்கள். இரு பகுதியினரும் காதைக் குடையும் சத்தத்தைக் கேட்கவேண்டும். ஒரு பகுதியினருக்கு அந்தச் சத்தம் எப்போது வரவேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்க முடிந்தது. மற்றப் பகுதியினருக்கு முடியவில்லை. அதன் பிறகு, காரம் பிடிக்காத ஓர் அந்நியர் உண்ணவேண்டிய உணவுக்கு எவ்வளவு காரச் சாறு ஊற்றுவது என்று அவர்களிடமே விட்டார்கள். எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் போனவர்கள் மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் ஊற்றினார்கள். கட்டுப்பாடு சிறிதளவு திரும்பக் கிடைத்தவர்களோ, ஒதுக்கப்படாதவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். ஒதுக்கப்பட்டது இருவரையும் வருத்தியது. கொடுமைக்குத் தள்ளியது ஒதுக்கலுக்கு மேலே வந்த இயலாமை. ஆய்வுக்கூடத்துக் காரச் சாற்றிலிருந்து வாளுக்கும் துப்பாக்கிக்கும் நேராகத் தாவிவிட முடியாது என்பது உண்மை. ஆனாலும் மறுபுறத்தில் வாழ்க்கையிலிருந்தே எடுத்த சான்று இருக்கிறது. அமெரிக்கப் பாடசாலைகளில் 1995க்கும் 2001க்கும் இடையில் நடந்த 15 துப்பாக்கிச் சூடுகளை மார்க் லியரியும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தபோது, இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுட்டவன் கேலிக்கோ விலக்கலுக்கோ காதல் மறுப்புக்கோ ஆளானவனாக இருந்தான். அந்த ஆய்வு அத்தோடு நிற்கவில்லை: ஆயுத மோகம், மரணத்தின் மீதான ஈர்ப்பு, முன்னரே இருந்த உளச் சிக்கல் ஆகியவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் கூட இருந்ததையும் அது காட்டியது.

இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். எல்லா மறுப்பும் ஒதுக்கல் ஆகாது. தன்னை விரும்பாத பெண்ணைக் கத்தியால் குத்தியவன் ‘நிராகரிக்கப்பட்டவன்’ என்ற பெயரில் நம் செய்திகளில் இரக்கம் பெறுவதைக் காண்கிறோம். அவளுடைய மறுப்பு அவளுக்குரிய உரிமை. அவனிடமிருந்து அவள் எதையும் பறிக்கவில்லை. கூனிக்கு நேர்ந்ததையும் இவனுக்கு நேர்ந்ததையும் ஒரே சொல்லால் சுட்டுவது பெரிய அநியாயம்.

காவியங்கள் இந்த இயலாமையை நன்றாக அறிந்து வைத்திருக்கின்றன. பாரதத்தில் அம்பையின் கதை முழுவதும் முறையீடுகளின் வரிசைதான். பீஷ்மன் தூக்கி வந்த பெண்ணை, அவள் விரும்பிய சால்வன் ஏற்க மறுக்கிறான். திரும்பி வந்தால், நோன்பைக் காட்டிப் பீஷ்மனும் மறுக்கிறான். பரசுராமரிடம் போகிறாள், அவர் அவளுக்காகப் பீஷ்மனோடு போர் செய்தும் வெல்ல முடியவில்லை. கேட்கக்கூடிய ஒவ்வொரு கதவையும் தட்டி முடித்த பிறகுதான் அவள் தவத்துக்கும் தீக்கும் போகிறாள். சிகண்டியாகப் பிறந்து வருகிறாள்.

கர்ணனின் கதை வேறு ஒன்றைக் காட்டுகிறது. அரங்கில் வில்வித்தை காட்ட வந்தவனிடம் குலம் கேட்கிறார்கள்; பின்னர் தேரோட்டியின் மகனென்று தெரிந்ததும், வில்லை விட்டுச் சாட்டையை எடு என்று பீமன் ஊர் பார்க்க இகழ்கிறான். இந்த இரண்டுக்கும் இடையே, அதே அரங்கில், துரியோதனன் அவனை அங்க நாட்டு அரசனாக்குகிறான். துரியோதனனின் இந்தச் செயலைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கர்ணனைப் போருக்குக் கொண்டுபோனது அவமானம் மட்டுமல்ல. அந்த அவமானத்தின் மேல் கட்டிக்கொடுக்கப்பட்ட ஆசனமும்தான். அந்த ஆசனத்துக்கு ஒரு விலை இருந்தது: துரியோதனனின் பகை இனி அவனுடைய பகை. சபையில் குலம் கேட்டு அவமதிக்கப்பட்ட அதே மனிதன், பின்னாளில் இன்னொரு சபையில் திரௌபதியின் ஆடையைக் களையச் சொல்பவனாக நிற்கிறான். பாரதம் அவனை எவ்வளவு நேசித்தாலும் இதை மறைக்கவில்லை.

ஆக, வெறும் புறக்கணிப்பு வன்முறையைப் பெறுவதில்லை. பலர் பார்க்க நேர்ந்த அவமதிப்பு, கேட்பாரற்றுப் போன முறையீடு, அதன்பின் பகையையே நிபந்தனையாக வைத்து நீட்டப்பட்ட ஓர் ஆசனம் என்ற மூன்றும் சேரும் இடத்தில்தான் அது பிறக்கிறது. யாழ்ப்பாணத்தின் கடந்த நூறு ஆண்டுகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

முதலில் சாதி. தேநீர்க்கடையில் ஒரு சாராருக்கு வாங்கில் இடமும் மூக்குப்பேணியும். மற்றச் சாராருக்கு வெளியே நிலத்தில் குந்தியிருந்து, சிரட்டையிலோ வெறும் ரின்னிலோ போத்தலிலோ தேநீர். குடித்து முடித்ததும் அதைக் கழுவி வைத்துவிட்டுப் போகவேண்டியவரும் குடித்தவரே. காசு இரு சாராருக்கும் ஒன்றுதான். இது ஏதோ மிகப் பழைய காலத்துக் கதையல்ல. இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள் கண்ணால் கண்டது. ஆனால் இந்த ஒதுக்கல் எவ்வளவு காலம் நீடித்தது என்பதோடு ஒப்பிட்டால், ஒதுக்கப்பட்டவர்கள் கையை ஓங்கியது மிகக் குறைவு. வன்முறையின் பெரும்பகுதி வாசலைக் காத்தவர்களிடமிருந்தே வந்தது. உதவி பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் தரப்படவேண்டும் என்ற பணிப்பு வந்தபோது, 1930ஐ ஒட்டிய காலத்தில், பிள்ளைகளைச் சமமாக இருத்திய பாடசாலைக் கொட்டில்கள் எரிந்தன. 1944இல் வில்லூன்றி மயானத்தில் பிணம் எரிக்கும் உரிமை கேட்டபோது துப்பாக்கி வெடித்து ஓர் உயிர் போனது. 1957இல் தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். அந்த வாசலை மறித்து நின்றவர்களுக்கு முன்னின்றவர் கணிதப் பேராசிரியரும் முன்னாள் அமைச்சருமான சி. சுந்தரலிங்கம். கல்வி இந்த விடயத்தில் யாரையும் காப்பாற்றவில்லை என்பதை வேதனையோடு சொல்லவேண்டியிருக்கிறது.

ஒதுக்கப்பட்டவர் வன்முறையாளர் ஆவார் என்று பேசும்போது, ஒதுக்கலே ஒரு வன்முறையால்தான் நிலைநிறுத்தப்படுகிறது என்பது மறந்துபோகிறது. வேலியைத் தாண்டியவரின் கோபம் செய்தியாகிறது. வேலியைக் காக்க அன்றாடம் செலவான மிரட்டல் வழக்கம் என்ற பெயரில் மறைகிறது. 1966 ஒக்ரோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்ட ஊர்வலத்துக்குப் பின்னர், சங்கானை, நிச்சாமம் போன்ற இடங்களில் தேநீர்க்கடைப் பிரவேசமும் எதிர்த்தாக்குதலும் இரத்தக்களரியாகவே முடிந்தன. அங்கே ஒதுக்கப்பட்டவர்களும் திருப்பி அடித்தார்கள். ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்த கோபமல்ல. சண்முகதாசனின் தலைமையிலிருந்த சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியும், அதைத் தொடர்ந்து தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கமும் அந்தப் போராட்டத்துக்கு இலக்கும் எல்லையும் வகுத்திருந்தன. இந்தக் கடை திறக்கவேண்டும், இந்தக் கோவில் திறக்கவேண்டும் என்பதே கோரிக்கை. கடை திறந்ததும் சண்டையும் ஓய்ந்தது.

இந்தக் காலத்தை உள்ளிருந்து எழுதியவர் கே. டானியல். அவருடைய ‘பஞ்சமர்’ நாவல் இந்தப் போராட்டங்களின் சூட்டிலிருந்தே வந்தது. அவரும் டொமினிக் ஜீவாவும் ஒரே ஊரின் ஒரே அவமதிப்பைச் சுமந்தவர்கள். ஜீவாவுக்குச் சாதியின் பெயரால் பள்ளிக்கூடத்தில் கிடைத்த வசவை அவருடைய தன்வரலாறு பேசுகிறது. சவரத் தொழிலைச் செய்துகொண்டே எழுதிய அவர், 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார், இதழைத் தானே கையில் கொண்டுபோய் வாசகரிடம் விற்றார். இவர்கள் இருவரும் பொறுமைசாலிகள் என்பதால் பேனா எடுத்தார்கள் என்று சொல்வது தவறு. டானியலின் எழுத்தில் பொறுமை இல்லை. அவர்களுக்கு நீட்டப்பட்ட ஆசனம் வேறு. இடதுசாரிக் கட்சியும் முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் அவர்களை மேடையில் ஏற்றி, வாசிக்கத் தந்து, எழுத வைத்து, அவர்களோடு சண்டையும் பிடித்தன. கர்ணனுக்கு அரங்கில் கிடைத்ததும் ஜீவாவுக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்ததும் அங்கீகாரமே. என்ன விலைக்குக் கிடைத்தது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

இரண்டாவது, இனம். இங்கே முறையீடுகளின் வரிசை அம்பையின் கதையைவிட நீளம். 1956இன் தனிச்சிங்களச் சட்டம், பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் 1957இல் எழுதி, 1958இல் கிழிக்கப்பட்ட பண்டா – செல்வா ஒப்பந்தம், 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி (அரச செயலகம்) வாசலில் வாரக்கணக்கில் நடந்து படையினரால் கலைக்கப்பட்ட சத்தியாக்கிரகம், 1965இன் டட்லி – செல்வா உடன்பாடு என்று ஒவ்வொன்றும் ஒரு தலைமுறை கேட்டுப் பார்த்த கதவு. அதன் பின்னர் தரப்படுத்தல் வந்தது. 1971 பல்கலைக்கழக அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் வன்னியும் மன்னாரும் போன்ற பின்தங்கிய தமிழ்ப் பகுதிகளும் பயன்பெற்றன என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆனால் படிப்பு ஒன்றையே ஏணியாக வைத்திருந்த யாழ்ப்பாணத்து வீடுகளில், புள்ளி இருந்தும் பெயர் இல்லை என்ற செய்தி, வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னதாகவே விழுந்தது. 1970இல் தமிழ் மாணவர் பேரவை உருவானது. 1974 ஜூனில் ஆயுதப் போராட்டத்தில் முன்னோடியாக இறங்கிய உரும்பிராய் இளைஞர் பொன். சிவகுமாரன் நஞ்சருந்தி இறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு ஜூலையில் யாழ் மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார்.

தெற்கிலும் அதே காலத்தில் அதே வடிவம் இருந்தது. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி.யின் தலைமையில் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தவர்களில் பெரும்பாலோர் படித்தும் வேலை கிடைக்காத கிராமத்துச் சிங்கள இளைஞர். இரண்டாவது கிளர்ச்சியும் நசுக்கப்பட்ட பிறகு, 1990இல் அறிக்கை தந்த இளைஞர் ஆணைக்குழு, அரசியல்வாதியின் கடிதம் இல்லாமல் வேலை இல்லை என்ற நிலையே இளைஞரின் நம்பிக்கையை அழித்த பெரிய காரணங்களில் ஒன்று என்று எழுதியது. இந்த இரு இளைஞர் கூட்டங்களும் ஒன்றையொன்று அறியாமலே, ஒரே அரசின் இரண்டு கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தன.

இங்கே எச்சரிக்கை தேவை. புள்ளி இருந்தும் இடம் கிடைக்காத எல்லோரும் ஆயுத இயக்கத்துக்குப் போகவில்லை. போன பலர் உயர்தரப் பரீட்சை எழுதியவர்களே அல்லர். 1983 ஜூலையில் தமிழர்மீது நடந்த வன்முறையும் அதன் பின்னான சுற்றிவளைப்புகளும் கொலைகளும் பல்லாயிரம் பேருக்குத் தனிக் காரணங்களைக் கொடுத்தன. காரணம் இருந்தது என்று காட்டுவது, செய்த ஒவ்வொன்றும் நியாயம் என்று சொல்வதாகாது. அதை மிகக் கடுமையாக நினைவூட்டும் நாள் 1990 ஒக்ரோபர் 30. அன்று யாழ்ப்பாணத்துச் சோனகதெரு மக்களுக்கு வீட்டை விட்டு வெளியேற விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கு முழுவதிலுமிருந்து அந்த மாதத்தில் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களும் தமிழ் பேசுபவர்கள்; அதே கடைத்தெருவில் தலைமுறைகளாகப் பழகியவர்கள். ‘இந்த மண்ணில் உங்களுக்கு இடமில்லை’ என்று சொல்லப்பட்டதற்கு எதிராக எழுந்த ஓர் அமைப்பு, அதே சொல்லை அயல்வீட்டாரைப் பார்த்துச் சொன்னது. கர்ணன் சபையில் நின்ற இடம் இதுதான். அவமானம் மனிதரை இளக வைக்கும், பிறர் வலியை அறிய வைக்கும் என்று நாம் நம்ப விரும்புகிறோம். சிலரிடம் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அது தானாக நடப்பதில்லை.

இதே சுழற்சியின் சிறிய வடிவத்தைப் பல்கலைக்கழகப் பகிடிவதையில் ஆண்டுதோறும் காணலாம். புதிதாக வந்த பிள்ளையை முதலில் எல்லோர் முன்னும் தாழ்த்துகிறார்கள். பிறகு ‘எங்கடை ஆள்’ என்று சேர்த்துக்கொள்கிறார்கள். சேர்த்ததற்கு விலையாக, அடுத்த ஆண்டு வருபவர்களை அவன் தாழ்த்தவேண்டும். உடன்படாதவனோடு யாரும் பேசுவதில்லை, குறிப்பு கொடுப்பதில்லை. பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. அடிப்பதை அது தண்டிக்கலாம். பேசாமல் விடுவதை அதனால் தொட முடியவில்லை.

காயம் வெளியே பாயாமல் உள்ளே திரும்புவதும் உண்டு. அதுவே எண்ணிக்கையில் அதிகம். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில், உலகின் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. பின்னாளில் அது பெரிதும் குறைந்ததற்கு, கொடிய பூச்சிகொல்லி மருந்துகளைத் தடைசெய்தது முக்கிய காரணம். யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் கவனித்த இன்னொன்றும் உண்டு. போர் கடுமையாக இருந்த காலத்தில் இங்கே தற்கொலை குறைந்தது. போர் ஒரு சமூகத்தை நெருக்கிச் சேர்க்கும்போது தற்கொலை குறையும் என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் டேர்க்கைம் 1897இலேயே எழுதியிருந்தார். பதுங்குகுழிக்குள் எல்லோருக்கும் இடம் இருந்தது. சமாதானம் வந்த பிறகு பலருக்கு அந்த இடம் இல்லாமல் போனது.

போருக்குப் பின்னான யாழ்ப்பாணத்தின் வாள்வெட்டுக் குழுக்களை இந்தப் பின்னணியில்தான் பார்க்கவேண்டும். கொக்குவில், கோண்டாவில், மானிப்பாய்ப் பக்கங்களில் இது ஓரளவு ஒரே மாதிரி நடக்கிறது. முகத்தை மூடிக்கொண்டு மூன்று நான்கு மோட்டார் சைக்கிள்களில் வருவார்கள், படலையைக் கொத்துவார்கள், யன்னல் கண்ணாடியை உடைப்பார்கள், முற்றத்தில் நிற்கும் வாகனத்துக்குத் தீ வைப்பார்கள், சில நிமிடத்தில் ஒழுங்கையால் மறைந்துவிடுவார்கள். பின்னர் அதன் காணொளி கைத்தொலைபேசிகளில் சுற்றும். களவு இதன் நோக்கமாக இருப்பது குறைவு. பார்ப்பவர்கள் இருக்கவேண்டும் என்பதே இதன் உயிர். வெளிநாட்டிலிருந்து வரும் காசும், போதைப்பொருளும், பணத்துக்காக ஏவுபவர்களும் இதில் உண்டு என்பதை மறுக்கவில்லை. வாளால் வெட்டுப்பட்டவரிடம் போய் வெட்டியவனின் மனக்காயத்தைப் பேசுவதும் முறையல்ல. ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒருவன் எப்படி அந்த மோட்டார் சைக்கிளின் பின் இருக்கைக்கு வந்து சேர்கிறான் என்று கேட்காமல் இது ஓயப்போவதில்லை.

அந்த வயதுப் பெடியனின் பாதை பெரும்பாலும் வகுப்பறையில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தின் பெரிய கல்விப் போட்டியில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலிலேயே பிள்ளைகள் பிரிக்கப்பட்டுவிடுகிறார்கள். சாதாரண தரத்தில் சித்தியடையாதவனுக்கு வீட்டில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர். பட்டம் தெளிப்பதற்கு நண்பர்களும் உண்டு. ஏச்சுக் குறைந்து, அவனைப் பற்றிப் பேசுவதே நின்றுபோகும் கட்டம் இன்னும் மோசமானது. கலியாண வீட்டில் அறிமுகம் செய்யும்போது மூத்தவனின் பல்கலைக்கழகத்தைச் சொல்லி, இளையவனின் பெயரை மட்டும் சொல்லிக் கடந்துபோகும் அந்தச் சில நொடிகளைப் பெற்றோர் உணர்வதில்லை, அவன் உணர்கிறான். அவனிடம் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கும் முதல் கூட்டம் சில வேளைகளில் சந்தியில் நிற்கும் கூட்டமாக இருந்துவிடுகிறது. அங்கே பெயர் இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது, வராவிட்டால் தேடுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

பிடிபட்ட பிறகு நடப்பது இந்தப் பிணைப்பை இறுக்கவே செய்கிறது. விளக்கமறியலில் அவனைப் பார்க்க வருபவர்களும், பிணை எடுக்க ஓடித்திரிபவர்களும் பெரும்பாலும் அதே கூட்டத்தார். வெளியே வந்தால் தொழிற்பயிற்சி நிலையத்தில் அவனைச் சேர்க்கத் தயங்குவார்கள். விளையாட்டுக் கழகத்தில் பெயர் வெட்டுப்பட்டிருக்கும். அயலார் படலையைப் பூட்டுவார்கள். அயலாரின் பயம் நியாயமானது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சனசமூக நிலையம், கழகம், கோவில் தொண்டர் சபை, தேவாலய இளைஞர் மன்றம் என்று ஒவ்வொரு ஊரிலும் அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் எதுவாவது இந்தப் பிள்ளை முதல்முறை பிடிபடுவதற்கு முன்னர் அவனுக்கு ஒரு வேலையை, ஒரு பொறுப்பை, கேள்வி கேட்கும் உரிமையோடு ஓர் இடத்தைக் கொடுத்திருந்ததா என்பதை நம் விசாரணைகளும் செய்திகளும் இன்றுவரை கேட்பதில்லை. எத்தனை வாள்கள் கைப்பற்றப்பட்டன என்பதை மட்டும் தவறாமல் எழுதுகின்றன.